விண்டோஸ் 11-க்கு மாறினால் பழைய பிரிண்டர் ஓடுமா? குமரி மாவட்ட ஜெராக்ஸ் கடைகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஜூன் மாதம். பள்ளி, கல்லூரி சேர்க்கை நேரம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல் என வாசலில் பத்து பேர் நிற்கிறார்கள். கடைக்காரர் முந்தின நாள்தான் கம்ப்யூட்டரை மாற்றியிருக்கிறார். புதுசு, வேகமா ஓடுது. ஆனால் பதினைந்து வருஷமா ஒரு குறையும் சொல்லாத பிரிண்டர் மட்டும் அசையவில்லை. "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வரிசையில் இருந்து குரல் வருகிறது.

பிரிண்டரில் பழுது இல்லை. கேபிளும் சரி, டோனரும் இருக்கு. பிறகு என்னதான் பிரச்னை?

இது ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திய பிறகு, பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, பில் மெஷின் வைத்திருக்கும் எல்லோர் முன்னாலும் நிற்கும் கேள்வி இது. பழைய கருவியைத் தூக்கிப் போடுவதா, பழைய விண்டோஸிலேயே இருந்துவிடுவதா? இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. எப்போதும் போல ஓடும். ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் அப்டேட் வராது.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. அதை ஏற்ற 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் தேவை. பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இங்கேயே கழன்றுவிடும். இதனால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது.

அந்தக் கணக்கு கம்ப்யூட்டரைப் பற்றியது. அதோடு ஒயரில் தொங்கும் கருவிகளின் கணக்கு அதில் இல்லை.

டிரைவர் என்றால் என்ன?

தோவாளை பூச்சந்தைக்கு டெல்லியில் இருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது, வியாபாரிக்கு இந்தி தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒரு ஆள் நின்றால்தான் காரியம் நடக்கும். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் அப்படி நிற்கும் மென்பொருள்தான் டிரைவர்.

இப்போது அதிகாரி மாறிவிட்டார். புதிதாக வந்தவர் ரொம்பக் கறார். அரசு அடையாள அட்டை உள்ள மொழிபெயர்ப்பாளரோடு மட்டும்தான் பேசுவேன் என்கிறார். பழைய ஆளிடம் அட்டை இல்லை. வியாபாரி அங்கேயேதான் இருக்கிறார், பூவும் வாடவில்லை. ஆனால் வியாபாரம் நடக்காது.

விண்டோஸ் 11-ல் பழைய கருவி நிற்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

எங்கே தடுக்கிறது?

முதல் தடை, 64 பிட். விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு இருந்தது. ரேம் குறைவான கடைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அதைத்தான் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டுக்கு எழுதப்பட்ட டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. கருவியின் சிடியில் 64 பிட் டிரைவர் இல்லையென்றால் அந்த சிடியால் பயன் இல்லை.

இரண்டாவது தடை, கையெழுத்து. 64 பிட் விண்டோஸ், முறையான டிஜிட்டல் கையெழுத்து உள்ள டிரைவரை மட்டும்தான் உள்ளே விடும்.

மூன்றாவது தடை, மெமரி இன்டெக்ரிட்டி. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் இது பெரும்பாலும் ஆன் ஆகியே வரும். பாதுகாப்புத் தரத்துக்குப் பொருந்தாத பழைய டிரைவர் என்றால், கையெழுத்து இருந்தாலும் தடுத்துவிடும். இதை ஆஃப் பண்ணினால் சில கருவிகள் ஓடும் என்பது உண்மை. ஆனால் வாசல் பூட்டைக் கழற்றி வைக்கிற வேலை அது. பணம், ஆதார் புழங்கும் கம்ப்யூட்டரில் செய்யக் கூடாது.

நான்காவது, நிறுவனமே கைவிடுவது. பத்து வருஷம் முன்னால் விற்ற கருவிக்குப் புதிய டிரைவர் எழுதினால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. சில நேரம் நிறுவனத்தின் அந்தப் பிரிவே இருக்காது. சாம்சங் தன் பிரிண்டர் தொழிலை எச்பி-க்கு விற்றது, 2017-ல் கைமாறியது. சாம்சங் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இன்று டிரைவர் தேட வேண்டியது எச்பி தளத்தில்.

அந்தப் பழைய லேசர் பிரிண்டர்களை ஏன் விட மனசில்லை?

எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900. ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1020 மாடல் வந்தது 2005-ல். ஒன்றுக்கு எச்பி 12ஏ கார்ட்ரிட்ஜ், மற்றதுக்கு கேனான் 303. எந்த ஊரிலும் ரீஃபில் கிடைக்கும், உதிரி பாகம் கிடைக்கும், சரிசெய்ய ஆளும் கிடைக்கும். அதுதான் இவற்றின் பலம்.

பலவீனம் உள்ளே இருக்கிறது. விலையைக் குறைக்க, இந்தப் பிரிண்டர்களின் மூளை வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டார்கள். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றிக் கொடுப்பது டிரைவர்தான். 1020 இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் இயக்க மென்பொருளையே கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

பெரிய ஆபீஸ்களில் இருக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொது மொழி தெரிந்த பிரிண்டர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. சொந்த டிரைவர் இல்லையென்றாலும் பொது டிரைவரில் ஓட்டிவிடலாம். டாட் மேட்ரிக்ஸுக்கும் அப்படித்தான். எப்சனின் பழைய கட்டளை மொழியைப் பல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் புரிந்துகொள்ளும். அதனால்தான் இருபது வருஷ பில் பிரிண்டர் புதுக் கம்ப்யூட்டரில் கடகடவென ஓடும்போது, அதைவிட இளைய லேசர் பிரிண்டர் முழிக்கிறது.

'இனி பழைய பிரிண்டர் எதுவும் ஓடாது' என்பது உண்மையா?

இல்லை. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால் அது பாதி உண்மை மட்டும்தான்.

தனித்தனி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தத் திட்டப்படி, பழைய வகைப் புதிய டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் மூலம் வெளியிடுவது முதலில் நிற்கும். 2026 ஜூலை 1 முதல், பிரிண்டரைச் செருகும்போது விண்டோஸ் தன் சொந்தப் பொது டிரைவருக்கே முன்னுரிமை தரும். 2027 ஜூலை 1 முதல், விண்டோஸ் அப்டேட் வழியே பழைய டிரைவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு மாற்றம் வராது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் இதனால் நிற்காது. நிறுவனத்தின் தளத்தில் இருந்து டிரைவரை இறக்கிப் போடவும் தடை இல்லை. ஆனால் போகும் திசை தெளிவு. டிரைவரே தேவைப்படாத, ஐபிபி என்ற பொது முறையில் பேசும் பிரிண்டர்களின் காலம் வருகிறது. மோப்ரியா, ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது இந்த வகை.

ஒரே அப்டேட்டில் நின்ற கருவி உண்டா?

உண்டு. 2025 அக்டோபர் அப்டேட்டில், அகெரே நிறுவனத்தின் பழைய மோடம் டிரைவரை மைக்ரோசாப்ட் விண்டோஸில் இருந்தே நீக்கியது. அதில் இருந்த பாதுகாப்பு ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். திருத்தம் போடாமல் டிரைவரையே எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் அத்துடன் முடிந்தன. அந்த மோடம் இல்லாதவர் கம்ப்யூட்டரிலும் அந்த டிரைவர் உள்ளே கிடந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பழைய டிரைவர்களை ஏன் வெளியே தள்ளுகிறார்கள் என்பதற்கான நியாயமும் இதிலேயே இருக்கிறது.

இன்னொன்று கேபிள். எடைத் தராசு, பழைய பில் மெஷின் போன்ற சீரியல் போர்ட் கருவிகளை இணைக்க யூஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்குவார்கள். அதில் பல கேபிள்களுக்குள் புரொலிபிக் நிறுவனத்தின் சில்லு இருக்கும். போலிச் சில்லுகளால் அவதிப்பட்ட அந்த நிறுவனம், 2012-லேயே நிறுத்திய பழைய சில்லுகளைப் புதிய டிரைவரில் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் 'இந்தச் சில்லு கைவிடப்பட்டது, விற்றவரை அணுகவும்' என்ற பொருளில் ஒரு வரி வரும். தராசு போச்சு என்று நினைத்துவிட வேண்டாம். மாற்ற வேண்டியது கேபிளை மட்டும்தான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்து பிரிண்ட் போகவில்லையா?

ஒரே பிரிண்டரை மூன்று கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்து வைப்பது கடைகளில் வழக்கம். 2021-ல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை தெரியவந்த பிறகு, பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் போட நிர்வாகி அனுமதி கட்டாயம் ஆனது. அதன் பிறகு வந்த அப்டேட்களும் பகிர்வுக்கான கட்டுப்பாடுகளை இறுக்கின. ஒரு கம்ப்யூட்டர் விண்டோஸ் 7, இன்னொன்று 11 என்று கலந்து இருந்தால் சிக்கல் அதிகம். முதலில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே டிரைவரை நேரடியாக ஏற்றிவிட்டு, பிறகு பகிர்வை முயற்சிப்பதே நல்லது.

கைரேகைக் கருவி ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். விண்டோஸ் மாறியதால் நின்றது வேறு, விதி மாறியதால் நின்றது வேறு.

ஆதார் சரிபார்ப்புக் கருவிகளில் எல் 0, எல் 1 என இரண்டு நிலைகள் உண்டு. எல் 0 கருவியில் கைரேகைத் தகவலை மறையாக்கம் செய்வது கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். எல் 1-ல் அந்த வேலை கருவிக்குள்ளேயே நடக்கிறது, வெளியே வரும்போதே பூட்டுப் போட்ட பெட்டியாக வருகிறது. அதனால் எல் 0-வைக் கைவிட்டு எல் 1-க்கு மாறச் சொன்னது ஆதார் ஆணையம். இதை எந்த டிரைவராலும் சரிசெய்ய முடியாது. "நான் ஓட்டித் தாறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இது நேரடியாக மக்களைத் தொடும் இடம். கொல்லங்கோடு முதல் குளச்சல் வரை கடற்கரை ஊர்களிலும், பேச்சிப்பாறை மலைப் பக்கத்திலும் ஆதார் வழியே பணம் எடுக்க, சலுகை பெற கைரேகைதான் சாவி. வலை இழுத்தும் ரப்பர் பால் வெட்டியும் ரேகை தேய்ந்த விரல்கள் அங்கே நிறைய. கருவியும் தகராறு செய்தால் அலைவது அவர்கள்தான்.

திருமணப் பத்திரிகை அச்சடிப்பவர்களுக்கு என்ன சிக்கல்?

டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதோடு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருட்கள். சிலவற்றுக்கு டாங்கிள் என்ற சாவிக் கருவியைச் செருகினால்தான் எழுத்தே வரும். டாங்கிளும் ஒரு கருவிதான், அதற்கும் டிரைவர் வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பழைய டாங்கிள் என்றால் சந்தையில் கிடைக்கும் யூஎஸ்பி மாற்றுக் கேபிள் உதவாது. அந்தக் கேபிள் பிரிண்டருக்காக மட்டும் செய்யப்பட்டது.

இங்கே ஆபத்து கருவி அல்ல, கோப்புகள். இருபது வருஷப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் மலர் எல்லாம் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர நிர்ணயமாக அறிவித்தது 2010-ல். பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே முக்கியமானவற்றை பிடிஎஃப் ஆகவும் யூனிகோடாகவும் மாற்றி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். டாங்கிள் போன பிறகு திறக்க வழி இருக்காது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

1. விண்டோஸ் 10-லேயே கொஞ்ச நாள் இருப்பது. தனிப்பட்ட பயனர்களுக்கு இஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசு இல்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டாலர். நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அது வருஷா வருஷம் இரட்டிப்பு ஆகும், அதிகபட்சம் மூன்று வருஷம். இது தள்ளிவைப்பு மட்டும்தான், தீர்வு இல்லை.

2. வேலையைப் பிரிப்பது. பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இருந்து முழுசாக எடுத்துவிட்டு, பழைய பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அரசுத் தளங்கள், ஆதார், பணம் எல்லாம் புதிய கம்ப்யூட்டரில். கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோகும்போது வைரஸ் சோதனை கட்டாயம். சின்னக் கடைகளுக்குச் செலவு குறைந்த வழி இதுவே.

3. லினக்ஸ். பழைய கருவிகளுக்கான டிரைவர்களை லினக்ஸ் அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடுவதில்லை. 1020 போன்ற பிரிண்டருக்கும் நூற்றுக்கணக்கான ஸ்கேனருக்கும் அதில் வழி உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் ஓடுவது அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் உபுண்டுவை வைத்து உருவாக்கிய லினக்ஸ்தான். தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நம் ஊரில் பிறந்ததுதான். ஆனால் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் மென்பொருட்கள் விண்டோஸையே முதலில் மனதில் வைத்து எழுதப்படுகின்றன. பிரிண்ட், ஸ்கேன் வேலைக்கு லினக்ஸ் சரி, முழுக் கடைக்கும் சரிவருமா என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

4. ஸ்கேனருக்கு மட்டும் வேறு மென்பொருள். வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள், நிறுவனம் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களுக்குத் தானே டிரைவர் எழுதி வைத்திருக்கிறது. வாங்கும் முன் உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. குறுக்கு வழி. தகுதி இல்லாத கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. ஏறும். ஆனால் அதற்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாப்ட் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு, பாதுகாப்பே இல்லாமல் நிற்பதில் என்ன லாபம்?

மாறுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

* கடையில் உள்ள ஒவ்வொரு கருவியின் பின்பக்கம் உள்ள மாடல் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

* நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்று இல்லாவிட்டாலும், விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் வேலை செய்யும். இருந்தால் இப்போதே இறக்கி வையுங்கள். தளத்தில் என்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

* மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் 'தகுதி உண்டு' என்று சொன்னால், அது கம்ப்யூட்டருக்கான தீர்ப்பு மட்டும்தான். பிரிண்டரை அது பார்ப்பதில்லை.

* டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் கோர் ஐசொலேஷன் பக்கத்தைத் திறந்தால், பொருந்தாத டிரைவர்களின் பெயரை அதுவே காட்டும்.

* கூகுளில் 'டிரைவர் ஃப்ரீ டவுன்லோட்' என்று தேடி முதலில் வரும் தளத்தில் இறக்காதீர்கள். டிரைவர் என்ற பெயரில் வைரஸ் வருவது பழைய தந்திரம்.

* நெரிசல் நாளில் மாற்றாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதமாவது எடுத்து வையுங்கள்.

* கடைசியில் தூக்கித்தான் போட வேண்டும் என்றால் ஆக்கர் கடைக்கு வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கருவிகளை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்ப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

யார் தலையில் செலவு?

பாதுகாப்புக்காக மாற்றம் வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும். ஊர் மக்களின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம் எல்லாம் அங்கே கிடக்கும். அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் அவை இருப்பது கடைக்காரருக்கு மட்டுமான ஆபத்து இல்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்ற பேச்சு இங்கே செல்லாது. வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கும் பழக்கம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொது, அதற்குக் காசும் ஆகாது.

ஆனால் செலவைப் பார்த்தால் கணக்கு ஒரு பக்கமாகவே சாய்கிறது. விண்டோஸ் மாறினால் கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். நிறுவனம் டிரைவரைக் கைவிட்டால் பிரிண்டர் வாங்க வேண்டும். விதி மாறினால் கைரேகைக் கருவி வாங்க வேண்டும். மூன்றையும் முடிவு செய்பவர்கள் வேறு, பணம் போடுபவர் ஒருவர். ஒரு நகலுக்குச் சில ரூபாய் வாங்கும் கடை அது.

அரசு சேவைகளில் பெரும்பகுதி ஆன்லைனுக்குப் போன பிறகு, தாலுகா ஆபீஸின் முதல் கவுன்டர் உண்மையில் இந்தக் கடைகள்தான். அங்கே ஒரு பிரிண்டர் நின்றால் ஒரு மாணவியின் விண்ணப்பம் ஒரு நாள் தள்ளிப்போகும். கடைசித் தேதி அன்றைக்குத்தான் என்றால் அந்த ஒரு நாள் ஒரு வருஷம் ஆகிவிடும்.

அதனால் கடைக்காரர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். கருவியின் பின்பக்கத்தைத் திருப்பி மாடல் எண்ணைப் பாருங்கள், டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து நிமிஷ வேலை. ஜூன் மாதக் கூட்டத்துக்கு நடுவில் தேடுவதைவிட, கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில் தேடுவது நல்லது.